வாசித்து முடித்ததும் சொல்ல வேண்டியது

1

இந்தக் கதை எனக்கு முழுசாகச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். எனக்குக் கண்ணாடி மாற்றும் பரிசோதனைதான், வேறொன்றுமில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் யாருக்கோ பைபிள் வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வயதான குரல் ஒன்று குறுக்கிட்டது.

"இது என் புத்தகம் இல்லையே. இங்க கொடு."

பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரல், "பாத்தியா, எவ்வளவு மெலிசா இருக்கு" என்றது.

நான் கேட்டது இவ்வளவுதான். கண்ணைத் திறப்பதற்குள் அவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கத்தோலிக்க வீட்டில் பிறந்து, புராட்டஸ்டண்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் நான். அந்தப் புத்தகம் ஏன் மெலிந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

[தெரியாதவர்களுக்கு: கத்தோலிக்கர்களின் விவிலியத்தில், பழைய ஏற்பாட்டில், சில நூல்கள் கூடுதலாக உண்டு. புராட்டஸ்டண்டுகள் அவற்றை வேதமாக ஏற்பதில்லை. கத்தோலிக்கர்கள் "எடுத்துவிட்டார்கள்" என்பார்கள், புராட்டஸ்டண்டுகள் "சேர்த்துவிட்டார்கள்" என்பார்கள். இந்த அடைப்புக்குறிக்குள் நான் யார் பக்கமும் இல்லை. வெளியே வந்துவிட்டால் உறுதி சொல்ல முடியாது.]

2

எப்படித் தொடங்குவது?

"அந்த வீட்டில் இரண்டு வேதங்கள் ஒரே அலமாரியில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி" — அடித்துவிட்டேன். புத்தகங்கள் கோபித்துக்கொள்வதில்லை, மனிதர்கள்தான் கோபித்துக்கொள்கிறார்கள்.

"மதம் பிரித்த மனங்களை அன்பு" — இதை முடிக்கவே இல்லை. முடித்திருந்தால் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள். நானும்தான்.

மூன்றாவது முயற்சி சுமாராக வந்தது. மாமியாருக்கு வலது கண்ணில் பார்வை போய்ப் பல வருடமாகிவிட்டது. இடது கண்ணில் அறுவை நடந்து, பஞ்சு வைத்து மூடி போட்டிருந்தார்கள். தூசியில் போகக் கூடாது, குனியக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று அவருடைய ஒரே மகனின் முதல் நினைவு நாள். கோயிலில் அவனுக்காகப் பூசை நடந்துகொண்டிருந்தது. போக முடியாத மாமியார், வீட்டில் மருமகளைக் கூப்பிட்டு, விவிலியத்தில் ஒரு பகுதியை வாசிக்கச் சொன்னார்.

இது போதும். அலங்காரம் வேண்டாம்.

3

இரண்டு பேருக்கும் தொழில் வேண்டும். வேலை இல்லாத ஆட்களை எழுதினால் அவர்கள் என்னைப் போலவே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மருமகளுக்கு மருந்துக்கடையில் வேலை கொடுத்தேன். சீட்டில் எழுதியிருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துக் கொடுப்பவள். மாமியார் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தரம்பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உறையைக் கையில் வாங்கும்போதே, ஸ்டாம்ப் போதாது என்று சொல்லிவிடுவார். [தொழில்கள் இவ்வளவு கச்சிதமாக அமையுமா? அமையாது. நான் அமைத்தேன். பெண் பார்க்கப் போகிற இடத்தில் சொல்கிற பொய்யைவிட இது சின்னப் பொய்தான்.]

இறந்தவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் சபையில் சேர்ந்துகொண்டான். அம்மா அப்போது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதெல்லாம் இந்த ஒரு வருடத்தில் சேர்ந்து நிற்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் லாரி மோதி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

மாமியார் வாசிக்கச் சொன்னது, போரில் செத்த வீரர்களுக்காகத் தளபதி காணிக்கை திரட்டி, பாவப் பரிகாரத்துக்கு அனுப்பும் பகுதி. இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது நல்லது என்பதற்குக் கத்தோலிக்கர்கள் எடுத்துக் காட்டும் இடம். மருமகளின் புத்தகத்தில் அந்த நூலே கிடையாது.

"அத்தை, நீங்க சொல்றது என் பைபிள்ல இல்ல."

"உன்னோடதுல எப்படி இருக்கும்? உங்க ஆளுங்கதான் எடுத்துட்டாங்களே. என்னோடத கொண்டா."

கொண்டுவந்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

"சீட்டுல எழுதாத மருந்த நான் எடுத்துக் கொடுக்க முடியாது அத்தை. கர்த்தர் சொல்ல வேண்டியத எழுதிக் கொடுத்துட்டாரு. மேல யார் எதைச் சேத்தாலும் எனக்கு வேண்டாம்."

"உன் கையிலயா எழுதிக் கொடுத்தாரு? அந்தக் காலத்துல யார் யாரோ என்னென்னவோ எழுதினாங்க. இது அவர் பேச்சு, இது இல்லன்னு உக்காந்து தரம்பிரிச்சது யாரு? திருச்சபை. அவங்க கட்டிக் கொடுத்த தபால் கட்ட வாங்கி வச்சுக்கிட்டு, நீங்க யாருன்னு அவங்களையே கேக்குறியே?"

"தரம்பிரிக்கிறவங்க உறையைக் கிழிச்சு, உள்ள எழுதினதுக்கு இதுதான் அர்த்தம்னு சொல்லலாமா? உங்க ஆபீஸ்ல அப்படிச் செஞ்சிருந்தா வேலை மிஞ்சியிருக்குமா?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நல்லாப் பேசுற. சரி, உன் கடைக்கு வர்றவங்க அவங்கவங்க சீட்ட அவங்களே படிச்சு, அலமாரியைத் திறந்து எடுத்துக்கலாமே? நடுவுல நீ எதுக்கு?"

"டாக்டர் எழுத்து புரியாது. கர்த்தர் எழுத்து புரியும்."

"அவ்வளவு புரியிறதுன்னா, உங்க ஆளுங்க ஏன் தெருவுக்கு ஒரு சபை வச்சிருக்கீங்க?"

"ஒரே சபையா இருந்தப்ப கேள்வி கேட்டவங்க வாயையெல்லாம் எப்படி மூடினீங்கன்னு நானும் படிச்சிருக்கேன் அத்தை."

எழுதிக்கொண்டே போனேன். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் மனைவி பின்னால் வந்து நின்று படித்தாள். அவள்தான் என் முதல் வாசகி. அவளிடம் தப்பித்த கதைதான் வெளியே போகும்.

"பட்டிமன்றம் பிரமாதம்" என்றாள். "செத்தவன் எங்க?"

4

அவள் கேட்டது விளையாட்டுக்கு. ஆனால் கதையில் இரண்டு பெண்களுக்கும் கேள்வி அதுதான். அதைத் தொடாமல் நான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

மறுபடி எழுதுகிறேன்.

"அவர் எங்க இருக்காருன்னு நினைக்கிறீங்க அத்தை?" மருமகள் கேட்டாள். குரல் மாறியிருந்தது. "நான் சொல்றேன். அவர் கர்த்தர்கிட்ட இருக்காரு. இப்பவே. இன்னமும் அவருக்காக வேண்டணும்னா, இன்னும் போய்ச் சேரலன்னு அர்த்தம். அதை என் வாயால சொல்லச் சொல்றீங்களா?"

"சாகுறதுக்கு முன்னாடி ஃபாதர் வந்து எண்ணெய் பூசல. பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்க ஒரு பாவசங்கீர்த்தனம் இல்ல. ஒரு வார்த்தை பேசாம போனான் என் பிள்ளை" என்றார் மாமியார். "அவன் பசியோட ஸ்கூலுக்குப் போனாலே நான் பின்னாடி டப்பாவோட ஓடுவேன். இப்ப மட்டும், அவன் நல்லா இருக்கான்னு சொல்லிட்டு சும்மா உக்காரவா?"

இரண்டு பேரும் அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருத்தி ஜெபித்தால், அவன் சேரவில்லை என்றாகிறது. ஒருத்தி ஜெபிக்காவிட்டால், அவனைக் கைவிட்டதாகிறது. இதில் சமாதானம் செய்து வைக்க நான் யார்?

"கோயில்ல ஃபாதர் வாசிப்பாருல்ல?" என்றாள் மருமகள்.

"அவர் வாசிப்பாரு. இந்த வீட்டுல நீ வாசிக்கணும். அவனுக்குப் பழகின குரல் உன்னோடது."

மருமகள் புத்தகத்தைத் திறந்தாள்.

"வரலாறா நினைச்சு வாசிக்கிறேன். வேதமா வாசிக்க மாட்டேன்."

"எப்படி வேணும்னாலும் நினைச்சுக்கோ. முடிச்சதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிடு."

[கத்தோலிக்கக் கோயிலில் வாசகத்தை முடித்ததும், வாசித்தவர் நிமிர்ந்து, இது ஆண்டவரின் அருள்வாக்கு என்று அறிவிப்பார். சபை நன்றி சொல்லும். சின்ன வயதில் நானும் வாசித்திருக்கிறேன். எதை வாசித்தோம் என்று மறந்துபோகும், அந்த வார்த்தை மட்டும் கணீரென்று வரும்.]

"அதை நான் சொல்ல மாட்டேன் அத்தை."

"அதைச் சொல்லலன்னா இது வெறும் கதை. என் பிள்ளையோட நினைவு நாளுக்குக் கதை கேக்கவா உன்னைக் கூப்பிட்டேன்?"

5

"அவ சொல்ல மாட்டா" என்றாள் என் மனைவி.

"சொல்லுவா. மாமியாரைப் பாத்தா பாவமா இருக்குல்ல?"

"பாவமா இருந்தா காபி போட்டுக் கொடுப்பா. இல்லாததை வேதம்னு சொல்ல மாட்டா. நீங்க எழுதியிருக்கிறதைப் படிச்சாலே தெரியுதே, அவ அப்படிப்பட்டவ இல்ல."

"எழுதினவன் நான். அவ எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா?"

"எழுதியாச்சு இல்ல? இனிமே தாள்ல இருக்கிறதுதான் பேசும். பக்கத்துல நின்னு நீங்க விளக்கம் கொடுக்கணும்னா, கதை எதுக்கு?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது, நியாயமில்லாத கோபம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் தன் சபைக்குப் போவாள், நான் தூங்குவேன். கோயிலுக்குப் போவதை விட்டு எத்தனையோ காலமாகிறது. ஆனால் என் கதைக்கு அர்த்தம் சொல்லும் உரிமை என்று வந்ததும், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து போப்பாண்டவராகிவிட்டேன். அவளோ தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் இருப்பது எனக்குப் போதும் என்கிறாள். நாங்கள் விட்டுவிட்டதாக நினைத்தவை எங்களை விடவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் உப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

6

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். மருமகளின் அலமாரியில், சேலைகளுக்கு அடியில், ஒரு பொருளை வைத்தேன்.

மாதா பதக்கம். சின்னது, ஊக்கு போட்டது. விபத்தன்று ஆஸ்பத்திரியில் அவனுடைய சட்டை, பெல்ட், போன் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். சட்டைப் பையின் உள்பக்கம், வெளியே தெரியாமல், இது குத்தியிருந்தது. மாதா உருவத்தை விக்கிரகம் என்று ஒதுக்கும் அவளுடைய சபையில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவன், நெஞ்சோரம் இதை மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் ஜெயித்துவிடுவார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவளுக்கே தெளிவாகத் தெரியாது.

[மனைவி இந்த இடத்தில் பென்சிலால், "நீங்களா வச்சது. எடுத்துடுங்க" என்று எழுதியிருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். இரண்டு பெண்களும் மறுபடி பட்டிமன்றத்துக்குப் போய்விட்டார்கள். திரும்ப வைத்துவிட்டேன்.]

7

இனி நான் குறுக்கே வராமல் இருக்கப் பார்க்கிறேன்.

மருமகள் மாமியாரின் கண்மூடியை எடுத்து, மருந்து விட்டாள். அவர் தலையைச் சாய்த்து அசையாமல் இருந்தார். மூடியைத் திரும்ப ஒட்டிவிட்டு, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"காணிக்கை திரட்டினான்னு வரும், அங்க இருந்து ஆரம்பி. பூசையில அங்க இருந்துதான் வாசிப்பாங்க" என்றார் மாமியார்.

"பாதியில இருந்து நான் வாசிக்க மாட்டேன். முன்னாடி என்ன நடந்ததுன்னு தெரியாம எதையும் வாசிக்கக் கூடாது. எங்க சபையில அப்படித்தான் பழக்கம்."

"சரிம்மா, உன் இஷ்டம்."

போர் முடிந்ததிலிருந்து தொடங்கினாள். வீரர்கள் செத்தவர்களை அடக்கம் செய்ய வருகிறார்கள். உடல்களைத் தூக்குகிறார்கள். அவள் குரல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. கண் அடுத்த வரிக்குப் போனது. குரல் நின்றது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தை." தொண்டையைச் செருமிக்கொண்டு, காணிக்கை திரட்டும் இடத்துக்குத் தாவினாள்.

மாமியார் கையை உயர்த்தினார். "நிறுத்து. பொணத்தைத் தூக்கினாங்க, உடனே காணிக்கையா? நடுவுல எதையோ விட்டுட்ட."

"இல்ல அத்தை."

"எனக்குக் கண்ணுதான் தெரியல. ஒரு எழுத்து கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாதுன்னவ நீதானே? எதை எடுத்த?"

மருமகளின் முகம் சிவந்துவிட்டது. அவள் வாழ்க்கையில் வேதம் என்று யாராவது நீட்டிய புத்தகத்திலிருந்து அவள் வரிகளை விழுங்கியது இதுதான் முதல் தடவை. அதுவும், இது வேதமே இல்லை என்று சொன்ன புத்தகத்திலிருந்து.

விட்டதை வாசித்தாள். செத்த ஒவ்வொருவனின் உடைக்குள்ளும் அந்நிய தெய்வங்களின் அடையாளச் சின்னங்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. யூதர்களின் சட்டம் தடுத்தவை. அவர்கள் செத்ததற்குக் காரணம் அதுதான் என்று எல்லாருக்கும் தெளிவாயிற்று.

"இது பூசையில வந்ததே இல்லையே" என்றார் மாமியார் மெதுவாக. பிறகு, "இதுக்கா நிறுத்தின?"

மருமகள் எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மாமியாரின் உள்ளங்கையை விரித்து, பதக்கத்தை வைத்தாள்.

அந்த விரல்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊக்கைத் தடவின, விளிம்பைத் தடவின. சின்னப் பையனாக அவன் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய அன்று அவர்தான் அதை அவன் சட்டையில் குத்திவிட்டார்.

"எங்க இருந்தது?"

"சட்டைப் பைக்குள்ள. உள்பக்கம். ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க. உங்ககிட்ட நான் சொல்லல."

மாமியாரின் முகம் மலர்ந்தது. அப்படியொரு சந்தோஷத்தை இந்த ஒரு வருடத்தில் மருமகள் பார்த்ததில்லை. "வச்சிருந்தானா! என் தங்கம், வச்சிருந்தானா!" பதக்கத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

அழுத்திய கை அப்படியே நின்றது. இப்போதுதான் கேட்ட வரி அவருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. உடைக்குள் மறைத்து வைத்திருந்தார்கள், அதனால் செத்தார்கள்.

"அது வேற" என்றார். "அது பொய்த் தெய்வம். இது மாதா. அது வேற, இது வேற."

மருமகள் திறந்திருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வேறன்னு சொல்லும்மா."

அர்த்தம் சொல்லத் திருச்சபை இருக்கிறது என்று காலையிலிருந்து வாதாடியவர், இப்போது மருமகளிடம் அர்த்தம் கேட்கிறார்.

"கீழ குறிப்பு இருக்கும். எங்க புத்தகத்துல எல்லாத்துக்கும் குறிப்பு இருக்கும். பாரு."

மருமகள் பக்கத்தின் அடியில் விரலை ஓட்டினாள். "அந்த ஊர் எங்க இருந்ததுன்னு மட்டும்தான் போட்டிருக்கு அத்தை."

விரலை எடுத்துவிட்டு மருமகள் சொன்னாள்: "உங்களுக்கு இப்ப வந்த பயம் எனக்கு ஒரு வருஷமா இருக்கு. கர்த்தர்கிட்ட இருக்காரு, கர்த்தர்கிட்ட இருக்காருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நான் விட்ட வரி எந்தப் புத்தகத்துல வந்தாலும் அதைத் தாண்டித்தான் போவேன். பதக்கத்தைத் தூக்கிப் போடவும் முடியல."

மாமியார் கையை நீட்டித் தடவி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மிச்சத்தை வாசி."

வாசித்தாள். அந்தப் பாவம் அடியோடு மன்னிக்கப்பட வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள். சின்னங்களை வைத்திருந்தவர்களுக்காகத்தான், அதே ஆட்களுக்காகத்தான், காணிக்கை போனது. செத்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று தளபதி நம்பினார். நம்பியிருக்காவிட்டால் அவர்களுக்காக வேண்டுவது வீண்.

அத்துடன் வாசகம் முடிந்தது.

8

சொல்ல வேண்டிய வார்த்தை மிச்சமிருக்கிறது. மாமியார் காத்திருக்கிறார். மூடிக்குள் பஞ்சு நனையத் தொடங்கிவிட்டது, அழக் கூடாது.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவள் சொல்லிவிடுகிறாள். நான் ஆசைப்பட்ட முடிவு. ஆனால் சொல்லிவிட்டால், வேண்டுதல் மட்டும் வேதமாகாது, மறைத்து வைத்த சின்னங்களைப் பற்றிய வரியும் வேதமாகிவிடும். மாமியார் அந்த வரியோடு எப்படித் தூங்குவார்?

இரண்டாவதில் அவள் சொல்லவில்லை. பயமுறுத்தும் வரி வெறும் கதையாகிவிடுகிறது. ஆறுதலும் அதோடு போகிறது. இருவரும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவதில் மகன் வந்து — இல்லை, கிழித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

மூன்றையும் மனைவியிடம் கொடுத்தேன். நெடுநேரம் படித்தாள். அவள் முன்பு அவ்வளவு உறுதியாக இருந்தாளே, "சொல்ல மாட்டா" என்று. அதை மறுபடி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியல" என்றாள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் எழுதியவன். நான் அர்த்தம் சொல்லலாம் என்று முதல் தடவையாக அவள் இடம் கொடுக்கிறாள். வாயைத் திறந்தேன். எனக்கும் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். சாமர்த்தியத்துக்காக இல்லை, உண்மையிலேயே எனக்கு வழி தெரியவில்லை. அந்த வார்த்தையைக் காலையில் கேட்டு அடம்பிடித்த மாமியாரே இப்போது அதை விரும்புகிறாரா, பயப்படுகிறாரா என்றும் தெரியவில்லை. அவர் ஒரு கையில் பதக்கம் இருக்கிறது, இன்னொரு கையில் மருமகளின் மணிக்கட்டு இருக்கிறது. இரண்டையும் அவர் விடவில்லை.

பக்கம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இவ்வளவு நேரம் வாசித்தது நீங்கள்தான், அவர்களுக்கும் பழகிய குரல் உங்களுடையதுதான். சொல்வதானால் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால் சும்மா இருங்கள், அவர் புரிந்துகொள்வார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தை உடனே மூடிவிடாதீர்கள். அவருக்குக் கண்தான் தெரியாது, மூடுகிற சத்தம் கேட்டுவிடும்.